தெருமுனையில் இரண்டு ஹாரன்

இன்று காலையும் மறந்துபோய் வண்டியை ஆட்டினேன்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டி, டேங்கின் மேல் காதைச் சாய்த்தேன். உள்ளே பெட்ரோல் அலம்பியது. சந்தேகத்துக்கு மூடியையும் திறந்தேன். குப்பென்று வந்தது அந்த வாசனை. அரை டேங்குக்குக் கொஞ்சம் குறைவு என்று எனக்குள் சொல்லிக்கொண்டு சாவியைத் திருப்பினால், மீட்டரிலும் அதே அளவு கோடு கோடாக எரிந்தது. புது வண்டி. எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். ஆட்டிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

உன் வண்டியைக் கொடுத்துவிட்டேன். எக்ஸ்சேஞ்சில் போட்டு இதை வாங்கியிருக்கிறேன். இரண்டு வாரம் ஆகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பெட்ரோல் வாசனையில் தொடங்கியிருக்கிறேன்.

நீ அதை வாங்கிக்கொண்டு வந்த நாளில் உங்கள் வீட்டு கேட்டருகே நானும் நின்றிருந்தேன். கேம்ப் ரோடு பக்கத்தில் குடியிருந்து மாற்றலாகிப் போன ஒரு ராணுவக்காரரிடம் வாங்கியது. அப்போதே அதற்கு வயது பத்துக்கு மேல். கரும்பச்சை டேங்கில் முழங்கால் படும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. உன் அம்மா வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணுங்க எல்லாம் ஸ்கூட்டர் வாங்குவாங்க. நீ என்னடி, ரோடு ரோலர் வாங்கிட்டு வந்திருக்க?" என்றார். நீ அசரவில்லை. "ரோடு ரோலருக்கு மைலேஜ் இன்னும் கம்மி மம்மி" என்றாய்.

உங்கள் வீட்டுக்கு முன்னால் அந்தச் சரிவு இருக்கிறதே, அதுதான் முதல் நாளே உன்னைத் தோற்கடித்தது. மழைநீர் உள்ளே வராமலிருக்க வீட்டை உயர்த்திக் கட்டி, கேட்டிலிருந்து தெருவரை செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவு போட்டிருந்தார்கள். அவ்வளவு கனமான வண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிக் கேட்டைத் திறக்க முடியாது. பின்னாலேயே உருண்டு வந்துவிடும். அதனால் நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். தெருமுனை திரும்பும்போதே இரண்டு ஹாரன். உன் அம்மா எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து, அந்த நீளமான இரும்புத் தாழ்ப்பாளைத் தூக்கி, கேட்டை விரியத் திறந்து ஓரமாக நிற்பார். நீ வேகம் குறையாமல் ஒரே மூச்சில் ஏறி உள்ளே போவாய். பின்சீட்டில் நான் உன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன்.

அந்தப் பின்சீட்டில் நான் எத்தனை புத்தகம் படித்திருப்பேன்! ரயில்வே கேட் மூடினால் நீ இன்ஜினை அணைப்பாய், நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து உன் முதுகில் சாய்த்து வைத்துக்கொள்வேன். "பக்கம் திருப்பறப்ப சொல்லிட்டுத் திருப்பு மச்சி, கூசுது" என்பாய். பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை வேடிக்கை பார்ப்பார்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். உனக்கு அப்படி எதுவும் கிடையாது.

பெட்ரோல் விஷயத்தில் மட்டும் நீ மகா கஞ்சம். அந்த வண்டியில் பெட்ரோல் மீட்டர் இல்லை. ஆட்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, "தாராளமா போகும்" என்று தீர்ப்புச் சொல்வாய். ஒருநாள் விடியற்காலையில் வண்டலூர் மிருகக்காட்சி சாலையின் மதிலோரம் அந்தத் தாராளம் தீர்ந்துபோனது. ரிசர்வும் காலி. ஆள் நடமாட்டம் இல்லை. நீ வண்டியைப் பக்கவாட்டில் படுக்கிற அளவுக்குச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாய். டேங்கின் மறுபக்கம் தேங்கியிருக்கும் கடைசிச் சொட்டெல்லாம் இந்தப் பக்கம் வருமாம். அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டு இரண்டு பேரும் மூச்சுவாங்கியபோது, மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கம் கர்ஜித்தது. வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். நான் வண்டியை விட்டுவிடப் பார்த்தேன். "வண்டி நின்னுடுச்சு, சிங்கம் ஸ்டார்ட் ஆயிடுச்சு பாரு மச்சி" என்று சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பில், உன் பக்கப் பிடியும் நழுவி, வண்டி முழுவதும் என் மேல் சரிந்தது. முழங்காலில் அன்று பட்ட காயத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் வண்டி கிளம்பியது. பெட்ரோல் பங்க் வரை போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்கு எட்டு நாள் காய்ச்சல். ஒன்பதாவது நாள் நீ இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

நாற்பது நாள் கழித்து உன் அம்மா சாவியை என் கையில் வைத்து, "நீயே ஓட்டும்மா. சும்மா நின்னா துருப்பிடிச்சுடும்" என்றார். நீ உயிரோடு இருந்தவரை ஒருமுறைகூட நான் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. ஆறு வருஷமாக நான்தான் ஓட்டினேன். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தெரியும். நானே போய் உன் பெயரை அடித்து என் பெயரை எழுதச் சொல்வதற்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். போலீஸ் நிறுத்தினால் "ஃப்ரெண்டு வண்டி சார்" என்பேன். பொய் இல்லையே.

உன் போன் நம்பரை உன் அம்மா விடாமல் வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது உன் நம்பருக்குத்தான் ஓடிபி போகும். நான் அவரை அழைப்பேன். அவர் ஃப்ரிட்ஜ் மேலிருந்து உன் போனை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் டீச்சராக டிக்டேஷன் சொன்ன அதே குரலில் ஒவ்வொரு எண்ணாகச் சொல்வார். ஒருமுறை சொல்லி நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்வார். அதற்குள் நேரம் முடிந்துபோய் இன்னொரு ஓடிபி கேட்க வேண்டியதாகிவிடும். "திரும்ப வந்திருக்கும்மா, எழுதிக்கோ" என்பார், சலிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போவேன். சர்ச்சிலிருந்து அவர் திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போவேன். தெருமுனையில் இரண்டு ஹாரன் அடிப்பேன். எனக்கு அந்தச் சரிவில் ஏறத் தைரியம் கிடையாது. வண்டியைத் தெருவிலேயேதான் நிறுத்துவேன். இருந்தாலும் அடிப்பேன். அந்தச் சத்தம் கேட்டால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் ஒவ்வொரு முறையும் வந்து கேட்டைத் திறந்து நிற்பார்.

போன வருஷம் எனக்குப் பெரும்பாக்கம் தாண்டி வேலை கிடைத்தது. மேடவாக்கம் சிக்னலில் தினமும் காலையும் மாலையும் ஊர்ந்து போக வேண்டும். கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை மரத்துப்போகும். கிக்கர் உதைத்து உதைத்து வலது முட்டி வீங்கியது. மழையில் ஒருநாள் மேம்பாலத்தின் மேல் நின்றுபோனபோது, பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரனில் அழுகையே வந்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நம்முடைய பழைய மெக்கானிக் அண்ணனிடமே போனேன். அவர் வண்டியைச் சுற்றிவந்து பெருமூச்சு விட்டார்.

"இன்னா சிஸ்டர், இன்னும் எத்தினி நாளு இந்த யானைய மேய்ச்சிக்கினு இருப்ப? ஆபீஸுக்குப் போற, வூட்டுக்கு வர. அதுக்கு ஒரு சின்ன வண்டி போதும். இதுக்கு ஸ்பேர் தேடித் தேடி எனக்கே பேஜாரா கீது."

"இது என் வண்டி இல்லண்ணா."

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் சிஸ்டர். அந்தப் பொண்ணு இருந்திருந்தா அதுவே இந்நேரம் மாத்தியிருக்கும்" என்றார்.

நீ மாற்றியிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஷோரூமுக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஆர்.சி.யைப் புரட்டிப் பார்த்து, "அக்கா, பேரு வேற இருக்கே. இவங்களை வந்து ஒரு சைன் போடச் சொல்லுங்க, போதும்" என்றாள்.

"அவங்க வர முடியாது."

"வெளியூரா? பரவாயில்ல, போன்ல பேசினாக்கூட ஏதாவது பண்ணலாம்க்கா."

சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. சொன்னேன். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு மெதுவான குரலில், முதலில் உன் அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும், அப்புறம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் வண்டியைக் கொடுக்க முடியும் என்றாள்.

மூன்று ஞாயிறு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். மூன்று முறையும் சொல்லாமல் டீ குடித்துவிட்டு வந்தேன். உங்கள் மகளின் வண்டியை விற்கப் போகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? நான்காவது ஞாயிறு, ஹாரன் அடித்து, அவர் கேட்டைத் திறந்து, இஞ்சி டீ போட்டு முன்னால் வைத்ததும், சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"ஆன்ட்டி, வண்டிய மாத்தலாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"தூரமா இருக்கு. முட்டி வலிக்குது."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷமா வலிய வெச்சுக்கிட்டு, வாரா வாரம் இங்க வந்து உட்கார்ந்துட்டுப் போறே. ஏன் சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

அவர் மேசையில் சிந்தியிருந்த டீயைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "நான் ஒண்ணு சொன்னா நீ வருத்தப்பட மாட்டியே?" என்றார்.

"சொல்லுங்க ஆன்ட்டி."

"அந்த ஹாரன். முனையில ரெண்டு தடவை அடிக்கிறியே. அது காதுல விழுந்ததும் நான் எந்திரிச்சுடறேன். கேட்டைத் திறக்கணும், இல்லன்னா ஏற முடியாம நின்னுடுவாளேன்னு ஓடறேன். தாழ்ப்பாள்ல கை வெக்கிற வரைக்கும் அவதான். தூக்கித் திறந்தா, நீ."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஆறு வருஷம். ஒவ்வொரு ஞாயிறும்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி."

"எப்படிச் சொல்றது? நீ ஆசையா அடிக்கிற." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அதோட, தாழ்ப்பாள் வரைக்குமாவது வர்றாளே."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரே, "எங்க சைன் பண்ணணும், சொல்லு" என்றார். பிறகு ஃப்ரிட்ஜ் மேல் இருந்த உன் போனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சாதாரணமாகச் சொல்கிற மாதிரி, "வண்டி போயிடுச்சுன்னா இந்த நம்பருக்கும் வேலையில்ல. விட்டுடலாம்னு இருக்கேன். சும்மா ரீசார்ஜ் பண்ணிக்கிட்டு" என்றார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். பள்ளி வருகைப் பதிவேட்டில் போட்ட அதே உருண்டையான கையெழுத்தை அவர் எல்லாத் தாளிலும் போட்டார். வண்டியைக் கொடுத்த நாளில் கடைசியாக ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். கால் டேங்க் இருந்தது. ஷோரூமில் அதை வாங்கிக்கொண்டவரிடம், "வழியில நின்னுபோனா பெட்ரோல் டேப் இருக்கிற பக்கமா நல்லா சாய்ச்சுப் பிடிங்க, கொஞ்ச தூரம் ஓடும்" என்றேன். "சரிங்க மேடம்" என்றார், காதில் வாங்காமலேயே.

போன ஞாயிறு புது வண்டியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் கட்டைவிரல் தானாக ஹாரனுக்குப் போனது. எடுத்துவிட்டேன். சத்தமில்லாமல் போய் நிறுத்தி, சரிவில் நடந்து ஏறி, கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளை நானே தூக்கினேன். நான் நினைத்திருந்ததைவிடக் கனம். உன் அம்மா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. "எப்ப வந்த? சத்தமே கேக்கலையே" என்றார். கூடவே ஒரு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். நானும் உரித்தேன்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். கேட்காமல் செய்துவிட்டேன்.

புது வண்டி எடுத்த அன்று, இன்ஷூரன்ஸுக்காக அந்த ஷோரூம் பெண் மொபைல் நம்பர் கேட்டாள். என் நம்பரைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். முதல் இரண்டு எண் நம் இருவருக்கும் ஒன்றுதானே. மூன்றாவது எண்ணில் உன் நம்பருக்குத் திரும்பிவிட்டேன். முழுவதும் சொல்லி முடித்தேன். "ஓடிபி வரும்க்கா, பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

உன் அம்மாவை அழைத்தேன்.

"ஏம்மா, வண்டிதான் குடுத்தாச்சே. இப்ப எதுக்கு நம்பர் வருது?"

"புது வண்டிக்கு ஆன்ட்டி."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. அவர் கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். நேரம் முடிந்துபோய், இன்னொன்று கேட்டு வாங்கினோம்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு ஆன்ட்டி."

"அடுத்த வருஷமும் கேப்பாங்களா?"

"வருஷா வருஷம் கேப்பாங்க."

"அப்ப நாளைக்கே ரீசார்ஜ் பண்ணிடறேன்" என்றார். "முடியற தேதி பக்கத்துல வந்துடுச்சு."