எதிர்ப்பக்கத்துக் கட்டம்

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே சுகம், அங்கே உன் உடம்பும் ஆஸ்பத்திரி வேலையும் நன்றாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். ஜெர்மனியில் குளிர் விட்டதா? அம்மா கறிவேப்பிலைப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் பார்சல் கட்டுகிறாள், அதோடு இதையும் வைக்கிறேன். தினமும் வீடியோவில் பேசிக்கொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்த ஆரம்பிப்பாய், எனக்கு வாய் அடைத்துப்போகும். முழுதாகச் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கலாம் என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

நம் பக்கத்து சைக்கிள் பாதைத் திட்டத்தைப் புதுப்பிக்கிறார்கள், மக்கள் ஆலோசனைக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா. செக்யூரிட்டி ஜெபகுமார் கமிட்டி மெம்பரா என்று நீ கூடச் சிரித்தாய். இன்ஜினியர் சத்யப்பிரியா ஆளுக்கு ஓர் இடம் கொடுத்து, காலை ஷிப்டு நேரத்தில் எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ணி வரச் சொன்னார். எனக்குப் பென்னலூர் திருப்பம். தாளில் இரண்டு கட்டம், சரியான பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று, எதிர்ப்பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. உனக்கே தெரியும், அங்கே நின்றால் எங்கள் கம்பெனி கேட் கண்ணுக்குத் தெரியும், ஆனால் சட்டப்படி போனால் பாலத்தடியில் திரும்பி மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஆறு மணிக்குள் பஞ்ச் அடிக்க ஓடுகிற பிள்ளைகள் எங்கே சுற்றுவார்கள், லாரிக்கு எதிராகவே போகிறார்கள். அதை எழுதிக் கொடுத்தால் போலீஸ் வந்து அபராதம் போடுமோ என்று பயந்து, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு வேறு. சரியான பக்கம் போனது பதினொன்று, அதை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

போன வாரக் கூட்டத்தில் புது வரைபடத்தை விரித்தார்கள். வல்லக்கோட்டைப் பக்கம் பச்சைக் கோடு போகிறது, சுங்குவார்சத்திரம் பக்கம் போகிறது, நம் திருப்பத்தில் ஒன்றுமே இல்லை. பதினொரு சைக்கிளுக்கு எப்படிப் பாதை கேட்பது சார் என்றார் சத்யப்பிரியா. நம் மாடி அறையில் இருக்கிற தூத்துக்குடிப் பெண் தங்கமாரி, போன மாதம் அதே இடத்தில் லாரி உரசி விழுந்து இன்னமும் கையில் கட்டோடு இருக்கிறாள். குழுவில் இருக்கிற டீக்கடைக் கிளியம்மாள் விடவில்லை, "இன்னா மேடம், அவ்ளோ தூரம் யாரு சுத்திகினு போவாங்க, அத்தினி பேரும் என் கடை வாசல்லதான் எதிர்ல போறாங்க" என்று எழுந்துவிட்டாள். எண்ணியதும் நான்தான், மறைத்ததும் நான்தான் என்று நானும் எழுந்து சொன்னேன். சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறவன், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. சத்யப்பிரியா கோபப்படவில்லை. எங்கே ஆபத்து என்று அந்தக் கட்டத்தைப் பார்த்தால்தானே தெரியும் சார், யார் பெயரும் கேட்கவில்லையே என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை மறுபடி எண்ணித் தரச் சொன்னார்.

எண்ணினேன். தங்கமாரியும் கட்டுப் போட்ட கையோடு வந்து கூட நின்றாள். எதிர்ப்பக்கம் மட்டும் இருநூற்றுப் பதின்மூன்று. தாளை மடிக்கப் போனேன், "அங்கிள், ஒரு ஆளு குறையுதே" என்று என்னையே பார்த்தாள்.

இப்போது திட்டு, கண்ணு. வேலைக்குச் சைக்கிளில் சுற்றித்தான் போகிறேன் என்று மூன்று வருஷமாக உன்னிடம் சொல்லிவந்தது பொய். கிறிஸ்மஸுக்கு நீ வந்தபோது மருந்து போட்டுவிட்டாயே முழங்கால் காயம், அது பாத்ரூமில் வழுக்கியது இல்லை, அந்தத் திருப்பத்தில் விழுந்தது. "பொண்ணாண்ட எத்தினி நாளைக்குப் பொய் சொல்லிகினு இருப்பே" என்று அம்மா அன்றைக்கே கேட்டாள். அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நீ பயப்படக் கூடாது என்றுதான் மறைத்தேன். அந்தத் தாளில் எதிர்ப்பக்கத்துக் கட்டத்தில் எனக்கும் ஒரு கோடு போட்டுவிட்டேன். வரைபடத்தில் இப்போது நம் திருப்பத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு வந்திருக்கிறது, அடுத்த மாதம் முடிவு செய்வார்கள். அதுவரை கால் மணி முன்னாலேயே கிளம்பிச் சுற்றித்தான் போகிறேன். என்னை நம்ப வேண்டாம், தங்கமாரியைக் கேள்.

நைட் டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, சனிக்கிழமை அம்மாவிடம் பேச மறக்காதே. கர்த்தர் உன் போக்கிலும் வரவிலும் துணையாக இருப்பாராக.

இப்படிக்கு,
இருநூற்றுப் பதினான்காவது ஆள்,
உன் அப்பா ஜெபகுமார்