நுரையீரலைப் பச்சையாகப் போட்டான்

ஜூலை 3, புதன்

ஜூலைக் குளிரில் தொட்டித் தண்ணீர் இன்றும் உறைந்து கிடந்தது. கோடாரியால் உடைத்துத்தான் ஆடுகளுக்குக் காட்டினேன். மேட்டில் ஆடு தூக்கும் பூமாச் சிறுத்தையின் கால்தடம். திசோன், பம்பா, மோரா, நாய்கள் மூன்றும் அந்தப் பக்கமே பார்த்து உறுமுகின்றன. அவை இருக்கும்வரை எனக்குப் பயமில்லை. சனிக்கிழமை பன்றி அறுப்பு. கீழ்ப்பண்ணை அபுந்தியோ அண்ணன் நல்ல கொழுத்ததாக ஒன்றை ஓட்டிவந்து விட்டுப்போனார். தம்பி எவெலியோ ஊரிலிருந்து வருகிறான்.

ஜூலை 6, சனி

கை முழுக்கப் பூண்டு வாசனை. சோரிசோ தொத்திறைச்சி எல்லாம் கட்டித் தொங்கவிட்டாயிற்று. நாள் நன்றாகவே போயிருக்கும், எவெலியோ சும்மா இருந்திருந்தால். நான் குடல் கழுவப் போன நேரத்தில், நுரையீரலையும் தொண்டைச் சதையையும் பச்சையாக வெட்டி நாய்களுக்கு எறிந்துகொண்டிருந்தான்.

"டேய், வேக வச்சுப் போடுன்னு சொன்னேன்ல?"

"அட போக்கா! அதுங்க ஓநாய்க்குப் பேரப்புள்ளைங்க. அதுங்களுக்கு அடுப்பு மூட்டணுமாக்கும். கழுத்துல துண்டும் கட்டிவிடவா?"

அறுப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அபுந்தியோ சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

உப்பில்லாமல், எலும்பில்லாமல், கொழுப்பை நீக்கி நன்றாக வேகவைத்த சதை. பன்றி என்றால் இப்படித்தான் நாய்க்குக் கொடுப்பேன். கழுத்துச் சதையில் கொஞ்சம் வேகவைத்து எடுத்துப்போனபோது திசோனும் பம்பாவும் ஏற்கெனவே மூக்குவரை ரத்தமாக நின்றன. பெட்டை மோரா பருவத்தில் இருப்பதால் கொட்டகைக்குள் கட்டிக் கிடந்தது. வெந்ததை அது மட்டும்தான் தின்றது.

ஜூலை 9, செவ்வாய்

எங்கள் நாட்டின் சுதந்திர தினம். ஊருக்குப் போகவில்லை.

ஜூலை 10, புதன்

திசோன் ஆடுகளோடு போகவில்லை. முகத்தின் இடப்பக்கத்தை வேலிக்கம்பியில் தேய்த்துக்கொண்டே நின்றது. முள் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். மதியத்துக்குள் கன்னத்துத் தோல் உரிந்து சதை தெரிந்தது. வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில். கழுத்தைப் பிடித்து நிறுத்தினால் என்னைப் பார்த்து வாலாட்டுகிறது. விட்டால் மறுபடி தேய்க்கிறது. கடவுளே, அப்படி என்ன அரிப்பு அது?

ஜூலை 11, வியாழன்

விடியும்போது திசோனுக்கு மூச்சில்லை. பம்பா தன் முன்காலைத் தானே கடித்துக்கொண்டிருந்தது.

ஊர் கால்நடை டாக்டர் மரிசோல் மதியத்துக்குள் வந்துவிட்டாள். சின்னப் பெண். பம்பாவை ஒரே ஒரு நிமிடம் பார்த்தாள்.

"பச்சையாப் பன்னிக்கறி எதுவும் தின்னுச்சாம்மா?"

சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெறிநோயா, பன்றியிடமிருந்து வரும் வேறொன்றா என்பது ஆய்வுக்கூடத்தில்தான் தெரியுமாம். எதுவானாலும் பம்பா பிழைக்காது. வலியில்லாமல் போய்ச்சேர ஊசி போட்டாள். திசோனின் தலையை வெட்டி எடுத்துப்போக வேண்டும் என்றாள். கையுறை போட்டுக்கொண்டு உடலை நான்தான் பிடித்துக்கொண்டேன். ஒன்பது வருஷம் என் பின்னால் நடந்த நாய். அதன் காலை நான் பிடித்துக்கொள்ள, அவள் தலையை அறுக்கிறாள்.

எவெலியோ, நீ நல்லா இருப்பியாடா?

ஜூலை 12, வெள்ளி

காலையில் அபுந்தியோ துப்பாக்கியோடு வந்தார்.

"வெறி புடிச்சிருக்கு நில்தா. மூணாவதையும் சுட்டாத்தான் அக்கம்பக்கம் தப்பிக்கும். நீ உள்ள போ, நான் பாத்துக்குறேன்."

"மோரா சங்கிலியில கெடக்கு அண்ணே. பத்து நாள் பாக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காங்க."

"டாக்டருக்கு என்ன தெரியும்? நேத்து வந்த பொண்ணு."

கொட்டகைக் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டேன். "சுடணும்னா என்னையும் சேத்துச் சுடுங்க" என்றேன். காறித் துப்பிவிட்டுப் போனார்.

அவருக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

ஜூலை 13, சனி

எவெலியோ ஃபோன் செய்தான். "இனிமே என் வாசல மிதிக்காத" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. வெறிநோய் இல்லை. போலி வெறி. பன்றிக் கிருமி. வளர்ந்த பன்றி அதைத் தாங்கிக்கொண்டு கொழுகொழுவென்று திரியுமாம். பச்சையாகத் தின்ற நாய்க்கு மருந்தே கிடையாதாம். மனிதரை ஒன்றும் செய்யாதாம். வேகவைத்தால் செத்துப்போகிற கிருமி. ஒரு பானைத் தண்ணீர், கொஞ்சம் விறகு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"அந்தப் பண்ணையில பன்னிக்குட்டிங்க ஏதாவது செத்துச்சான்னு கேட்டுப் பாருங்கம்மா" என்றாள் மரிசோல்.

ஜூலை 24, புதன்

கேட்டேன். அபுந்தியோ வாய் திறப்பதற்குள் அவர் மனைவி தெல்ஃபினாவுக்கு அழுகை வந்துவிட்டது. "சொல்லித் தொலைங்களேன்!" என்றாள்.

ஜூன் மாதம் இரண்டு ஈற்றுக் குட்டிகள் நடுங்கி நடுங்கிச் செத்தனவாம். அவர்கள் வீட்டு நாயும் முகத்தைப் பிய்த்துக்கொண்டு செத்ததாம். யாருக்கும் தெரியாமல் புதைத்திருக்கிறார். டாக்டர் வந்தால் மந்தை முழுக்கப் போய்விடும் என்று பயம்.

"எறியிறத நின்னு பாத்தியே! ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன யோவ்? 'போடாத'ன்னு ஒரே ஒரு வார்த்த!"

"கறியால ஜனங்களுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு..."

"என் நாய்ங்க ஜனமில்லயா?"

இருபது வருஷமாக அண்ணே என்று கூப்பிட்ட மனுஷன். திசோன் எந்த நோயில் செத்தது என்று தெரிந்தே 'வெறி' என்று கத்தி, மோராவையும் கொன்று விஷயத்தை மூடிவிடப் பார்த்திருக்கிறார். மரிசோலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மந்தை போனால் போகட்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பூமா இரண்டு ஆடுகளைக் கொண்டுபோய்விட்டது. ஒன்று சினை. மோரா ஒற்றையாக என்ன செய்யும்? தொண்டை கட்டும்வரை குரைத்தது, பாவம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் வெளியே வந்தால் எவெலியோ பட்டியைச் சுற்றிக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறான். வாசலுக்கு இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

"வாசல மிதிக்காதன்னு சொன்னியேக்கா. அதான் வெளியவே."

நாள் முழுக்கச் செய்தான். சாயங்காலம் சுவரின் மேல் சாப்பாட்டுத் தட்டை வைத்தேன். அழுதுகொண்டே தின்றான், தடியன்.

அவனை மட்டும் திட்டி என்ன? திட்டிவிட்டு நான் என்ன செய்தேன்? மிச்சத்தை அந்த வாய்களிலிருந்து பிடுங்கினேனா? ஊரார் சிரித்தார்கள் என்று குடல் கழுவத் திரும்பிப் போனேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

அபுந்தியோவின் மந்தை முழுவதும் இன்று அறுப்பு. அதிகாரிகள் உத்தரவு. உதவிக்கு ஊரில் ஒருவரும் போகவில்லை. நான் மண்வெட்டியோடு போனேன்.

அவருக்கு உதவ அல்ல. சுற்றுப்பட்டு நாய்கள் எல்லாம் ரத்த வாடைக்கு வேலியோரம் வந்து நின்றன. அறுத்து விழுந்த ஒவ்வொரு நுரையீரலையும் ஒவ்வொரு தொண்டையையும் நானே வாளியில் வாரிக் குழியில் கொட்டினேன். சுண்ணாம்பு போட்டு, மண் தள்ளி, மேலே கல் அடுக்கினேன். எவெலியோ கையில் கம்போடு நாய்களை விரட்டிக்கொண்டு நின்றான்.

முடிந்ததும் அபுந்தியோ மாத்தே கசாயம் கொண்டுவந்து நீட்டினார். எல்லாரும் ஒரே குழலில் குடிக்கும் கிண்ணம். நான் கையை நீட்டவில்லை. அவரும் கையை இறக்கவில்லை. பின்னால் பட்டி காலியாகக் கிடந்தது.

வாங்கிக் குடித்தேன். ஒரே ஒரு கிண்ணம்.

மன்னித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டால் அது அவர் பாடு. குளிராக இருந்தது, குடித்தேன்.