பாரிசுக்குப் போன முருங்கைக்காய்

ஜூன் 12, வியாழன்

மழைத்தூறல். ஆனி மாதத்தில் குளிர். பாரிஸ் வந்து இறங்கி அரை நாள் ஆகவில்லை, அதற்குள் ஹோட்டலில் வெள்ளம். காரணம் அடியேன்.

குளியலறையில் வாளி இல்லை, பேணி இல்லை. மூலையில் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒன்று. அதற்குள் நின்று குளிக்க வேண்டுமாம். திரும்பினால் முழங்கை இடிக்கிறது. பொறுமை இழந்து வெளியே வந்து, தேத்தண்ணிக்கு வைத்திருந்த கேத்திலில் தண்ணீர் பிடித்து, ஊரில் எங்கள் வட்டுக்கோட்டைக் கிணற்றடியில் வார்க்கிற மாதிரித் தலையில் வார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது. நிலத்தில் தண்ணீர் போக ஓட்டை இல்லை என்பதை மட்டும் கவனிக்கவில்லை. அறைக் கம்பளம் முழுக்க ஈரம். கதவுக்குக் கீழால் வெளி நடைக்கும் போய்விட்டது.

யாரோ தட்டினார்கள். திறந்தேன். நான் இடுப்பில் சாரத்தோடு, நெஞ்செல்லாம் சவர்க்கார நுரை. எதிரே துடைப்பத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. செத்த எலியைப் பார்த்த முகம். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னேன்: "மெர்சி." நன்றி என்று அர்த்தமாம்.

என் மனிசி: "உந்தக் கேத்திலிலையோ இனி நான் தேத்தண்ணி வைக்கிறது? சீ!"

நாங்கள் ஒன்பது பேர். எல்லாம் ஊர்ச் சனம், சொந்தம். கொரோனாவுக்கு முன்பே போட்ட திட்டம். கொரோனா வந்தது, பிறகு ஊரில் பெற்றோல் வரிசை, பிறகு விசா இல்லை என்றார்கள். ஒருமாதிரி வந்தாயிற்று. தலைவர் மனிசியின் தமையன், என் மச்சான் சிவகுணம். நல்லூரில் ரியூசன் சென்ரர் நடத்துபவர். அதனால் ரெயிலில் ஏறும்போதும் எங்களை வரிசையில் விட்டு எண்ணுகிறார்.

ஒரு விசயம். வெட்கம்தான், ஆனாலும் எழுதிவைக்கிறேன். உல்லாசப் பயணம் என்பது பாதிப் பொய். என் மகள் தர்சினியைப் பெண் பார்க்க இங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. சனிக்கிழமை ஆற்றில் படகுச் சவாரி. அதில் அவர்களும் "தற்செயலாக" வந்து ஏறுவார்கள். பின்னேரத்தில் நல்லூர்க் கோயில் வீதியில் நடக்கிற அதே நாடகம்தான். "அட, நீங்களும் கும்பிட வந்தனீங்களே?" என்கிற நாடகம். இங்கே வீதிக்குப் பதில் படகு.

தர்சினிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. முன்பு இரண்டு பகுதியினர் வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு சொல்லிவிட்டாள்: "இனி ஆருக்கு முன்னாலையும் தேத்தண்ணித் தட்டோட வந்து நிக்கமாட்டன்." ஆகவே மச்சானின் மூளை வேலை செய்தது. நானும் தலையாட்டினேன். எனக்கு இரண்டு தொழில். ஒன்று வெங்காயத் தோட்டம், மற்றது தலையாட்டுவது.

அவர்களுக்கென்று வீட்டு முருங்கைக்காய் கொண்டுவந்திருக்கிறேன், பேப்பரில் சுற்றி. விமான நிலையத்தில் யாரும் பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் நல்லது என்று இப்போது படுகிறது.

ஜூன் 13, வெள்ளி

வெயில். ஆனால் சுடவில்லை, பேருக்கு வெயில்.

வெள்ளி, ஆகவே எல்லோரும் சைவம். காலையில் ஹோட்டலில் பாண், பழம், பால்கட்டி. பால்கட்டியில் பச்சைப் பூஞ்சணம். பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கோப்பையை எடுத்துப்போய்ப் பரிமாறுகிறவனிடம் காட்டினேன். அவன் பெருமையோடு தலையை ஆட்டினான். பூஞ்சணம்தான் அதன் விசேஷமாம். மணம்? ஈரச் சப்பாத்துக்குள் மூக்கை விட்ட மாதிரி.

சுரங்க ரெயில். படியெல்லாம் மூத்திர நாற்றம். பெட்டிக்குள் ஒரு சீமாட்டியின் மடியில் நாய், அது அவவின் வாயை நக்குகிறது, அவவும் காட்டிக்கொண்டு இருக்கிறா. எனக்குப் பாண் மேலே வந்தது. மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை, கடதாசி. இதற்கு மேல் எழுதமாட்டேன்.

ஈஃபில் கோபுரம். இரும்பு. நிறைய இரும்பு. மச்சான் அதற்குக் கீழே நின்று வாட்ஸ்அப்பில் ஊருக்கு வீடியோ: "இஞ்சை பாருங்கோ, உலக அதிசயம்! நான் கூட்டிக்கொண்டு வந்து காட்டுறன்!" ஏதோ தானே முறுக்கி நிமிர்த்தியதுபோல. பக்கத்தில் நின்ற சனம் எட்டிப் போயிற்று. நான் அவரோடு வராதவன்போல ஒரு சீனக் கூட்டத்துக்குள் நின்றேன்.

தர்சினிதான் உண்மையாகச் சந்தோசப்பட்டாள். "அப்பா, வாயை மூடிக்கொண்டு மேலை பாருங்கோ. கட்டின பல்லு படத்திலை தெரியுது" என்று என்னைப் பிடித்துப் படம் எடுத்தாள். பிறகு வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு சொன்னாள்: "இதுக்குத்தான் அப்பா இவ்வளவு காலமும் கந்தோரிலை லீவு எடுக்காமல் சேத்து வைச்சனான்."

நான் புறாக்களைப் பார்த்தேன். இங்கத்தைப் புறாக்களும் ஊத்தை.

பின்னேரம் மனிசி: "நாளைக்கு அவளை அந்த நீலச் சீலையைக் கட்டச் சொல்லுங்கோ."

"நான் எப்பிடிச் சொல்லுறது? ஏன் எண்டு கேப்பாள்."

"தகப்பன் எண்டு ஒராள் இருக்கிறியள்தானே. ஒருக்கால் பிரயோசனப்படுங்கோ."

போய்ச் சொன்னேன், சீலை கட்டினால் படத்துக்கு நல்லாயிருக்கும் என்று. "அப்பா எப்ப இருந்து உதெல்லாம் பாக்கத் தொடங்கினீங்கள்?" என்று சிரித்தாள். மறுபேச்சில்லாமல் ஓம் என்றாள். மறுத்திருந்தால் எனக்கு இவ்வளவு குத்தாது.

ஜூன் 14, சனி

காற்று. ஆற்றுத் தண்ணீர் கழனித்தண்ணி நிறம்.

படகில் ஏறி இருந்தோம். மச்சான் நெற்றியில் கையை வைத்து, கப்பல் தேடுகிறவர்போல நாலு பக்கமும் பார்த்து, பிறகு தொண்டை கிழியக் கத்தினார்: "அட! இது ஆர்! எங்கடை ஊர்ச் சனமெல்லே!" கோயில் கூத்தில்கூட இதைவிட நன்றாக நடிப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, பின்னால் உயரமாக ஒரு பெடியன். அவ: "ஐயோ, என்ன அதிசயம்! நாங்கள் சும்மா காத்து வாங்க வந்தனாங்கள்." சும்மா காற்று வாங்க வந்தவ காப்பு, பதக்கம், பட்டுச் சீலை.

பெடியனின் பெயர் நிரோஜன். லிப்ற் திருத்துகிற வேலை. தகப்பன் இல்லை.

தாய் வந்து தர்சினியோடு ஒட்டி இருந்தா. என்ன படிப்பு, என்ன வேலை, தலைமயிர் சொந்தமோ, பல்லுக்குக் கம்பி போட்டதோ. "எழும்பி என்ரை மகனுக்குப் பக்கத்திலை நில்லுங்கோ பிள்ளை, ஒரு படம் எடுப்பம்." படமாம். உயரம் பார்க்கிறா. தர்சினி ஊர்க்காரர் என்ற மரியாதையில் எழும்பி நின்றாள். சுற்றிவரப் பார்த்தா, முன்னுக்கு, பின்னுக்கு. இந்தப் பார்வை எனக்குத் தெரியும். மாடு வாங்கப் போனால் நான் பார்க்கிற பார்வை.

பிறகு, "கண்ணாடி இல்லாமல் ஒருக்கால் பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி, என் பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டா.

தர்சினி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் என் முகமே தெரியாது. எனக்கு அருவருப்பு. அந்த அம்மாவை நினைத்து, மச்சானை நினைத்து, எல்லாவற்றுக்கும் மேலே வாயைத் திறக்காமல் இருந்த என்னை நினைத்து.

"அம்மா, கண்ணாடியைக் குடுங்கோ" என்றான் பெடியன். தானே வாங்கி, சேட்டு நுனியால் துடைத்து, அவளுடைய கையில் கொடுத்தான்.

ஏதாவது செய்ய வேண்டும், இந்தப் பார்வையை நிறுத்த வேண்டும் என்று எனக்கு அவதி. கை தானாகப் பைக்குள் போனது. பேப்பர்ச் சுற்றலை எடுத்து நீட்டினேன்: "இந்தாங்கோ தங்கச்சி, வீட்டு முருங்கைக்காய். உங்களுக்கெண்டுதான் கொண்டுவந்தனான்."

தர்சினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முருங்கைக்காயைப் பார்த்தாள். பிறகு என்னை. பிறகு தன் நீலச் சீலையை.

"அப்பா, சும்மா வழியிலை காணுற சனத்துக்கோ வட்டுக்கோட்டையிலை இருந்து முருங்கைக்காய் காவிக்கொண்டு வந்தனீங்கள்?"

மனிசி என் காலை மிதித்தா. மச்சான் பாலத்தைக் காட்டி, "இது பழைய பாலம்" என்றார். ஒருவரும் பார்க்கவில்லை.

பெடியன் தாயைப் பார்த்தான். "அம்மா, ஊராக்களுக்கு இடம் காட்டவேணும், ஒரு பிள்ளையும் இல்லை, எல்லாம் வயசு போன ஆக்கள் எண்டெல்லே சொன்னீங்கள்?"

"உங்களுக்கும் சொல்லேல்லையே?" என்றாள் தர்சினி.

"சத்தியமா இல்லை. நான் எல்லாரையும் ஏத்தி இறக்க ஒரு சக்கர நாற்காலிக்கும் சொல்லி வைச்சனான்."

தர்சினிக்குச் சிரிப்பு வெடித்தது. கோபத்தோடு வந்த சிரிப்பு, ஆனால் சிரிப்பு. இரண்டு பேருமாகப் படகின் பின்பக்கம் போய்விட்டார்கள். எங்களைப் பற்றித்தான் பேசினார்கள் போல. அடிக்கடி திரும்பிப் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். இறங்கும்வரை வரவில்லை.

முருங்கைக்காயை அந்த அம்மா மடியில் வைத்துக்கொண்டே இருந்தா. முறித்து முறித்து முற்றல் பார்த்தா.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். வயிறு சரியில்லை. பால்கட்டியை நான் தொடவில்லை, ஆகவே மனக்கோளாறு.

தர்சினி காலையில் என்னோடு கதைக்கவில்லை. பாணுக்கு வெண்ணெய் பூசி எனக்குப் பக்கத்தில் வைத்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாக: "மாமா செய்வார், அம்மா செய்வா. நீங்களும் சேந்தீங்கள் பாருங்கோ." நான் பாணை முழுக்கச் சாப்பிட்டு முடித்தேன்.

மச்சான் வந்தார், ஆனையிறவுப் பாலத்தையே கட்டிமுடித்த நடை. பெடியன் வீட்டிலிருந்து ரெலிபோன். தாய்க்குப் பிடித்துவிட்டதாம். ஒன்றே ஒன்று: பிள்ளையின் கண்ணுக்கு ஏதோ ஒளி அடித்துக் கண்ணாடி இல்லாமல் செய்கிறார்களாம், அதைக் கலியாணத்துக்கு முன் செய்துவிட்டால் நல்லதாம்.

"ஏன், அவை பாத்துக்கொண்டிருக்கவோ, இல்லாட்டி அவள் பாக்கவோ?" என்றேன்.

"அத்தான், நீங்கள் கெடுத்துப்போடாதேங்கோ. முருங்கைக்காயோட நிப்பாட்டுங்கோ."

ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி. ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இதைச் சொன்னால் தர்சினி கொதிப்பாள், அலுவல் முடிந்தது, எல்லோருமாக அந்த இரும்புக் கோபுரத்தை இன்னொருக்கால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நேரே போய்ச் சொன்னேன்.

அவள் போனைப் பார்த்துக்கொண்டே, "அது தெரியும். நிரோஜன் தாயோட சண்டை பிடிச்சிட்டார். இனி அந்தக் கதை வராது" என்றாள்.

நிரோஜனாம். ஒரு நாளைக்குள்.

மத்தியானம் அவனே வந்தான். "மாமா, தர்சினியை ஒருக்கால் வெளியிலை கூட்டிக்கொண்டு போகட்டோ?" நேற்றைக்கு அங்கிள், இன்றைக்கு மாமா. குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்று உட்கார வைத்து விசாரித்தேன். சிகரெட்? இல்லை. குடி? "எப்பவாவது வைன் குடிப்பன் மாமா, பொய் சொல்லேல்லை." வீட்டு வேலை? "சமையல் நான்தான். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது." சப்பாத்தைப் பார்த்தேன், துப்புரவு. நகத்தைப் பார்த்தேன், ஓரத்தில் எண்ணெய்க் கறுப்பு, வேலை செய்கிற கை. ஒரு குறையும் கிடைக்கவில்லை. இந்த ஊரில் நான் கண்டதிலேயே எனக்குப் பிடிக்காதது அதுதான்.

போனார்கள். மனிசி சன்னலால் பார்த்துக்கொண்டு நின்றா. "சோடி நல்லாயிருக்கெல்லே?"

"கீழை நாய்ப்பீ கிடக்குது. ரெண்டு பேரும் மிதிக்கப் போகினம்."

"உங்களுக்கு என்னப்பா நேற்றையிலை இருந்து?"

ஜூன் 16, திங்கள்

மப்பு வானம். பூங்கா. மச்சான் மற்றவர்களை எண்ணிக்கொண்டு எங்கோ கோட்டை பார்க்கப் போய்விட்டார். நான் கால் நோவு என்று நின்றுவிட்டேன். தர்சினியும் நின்றாள்.

வாங்கில் இருந்தோம். பக்கத்தில் ஒரு கிழவன் சாண்ட்விச்சை வாயைத் திறந்து திறந்து மென்றுகொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை, பார்த்துக்கொண்டும் இருந்தேன். அவள் பக்கம் திரும்பாமல் இருக்க ஒரு சாட்டு.

"கோபம் போயிட்டுதோ பிள்ளை?"

"பாதி."

"மிச்சம்?"

"மாமாவோட."

ஊரில் காலையில் ஸ்கூட்டியில் என்னைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுத்தான் அவள் கந்தோருக்குப் போவாள். அந்த வழி முழுக்க வாய் ஓயாது. இன்றைக்குச் சொல் சொல்லாக வருகிறது. ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தது.

"இஞ்சை பாசை படிக்க ஒரு வருசம் போகுமாம் அப்பா. அதுக்குப் பிறகு வேலை எடுக்கலாமாம். கந்தோர் வேலையை விடத்தான் வேணும்."

"ம்."

"நான் கலியாணமே வேண்டாம் எண்டு நிக்கேல்லை. தட்டோட நிக்கமாட்டன் எண்டுதான் சொன்னனான். உங்களுக்கு விளங்கினதுதானே?"

"ஓம்."

"அவர் நேற்று என்னட்டை ஒரு கேள்விதான் கேட்டவர். இஞ்சை வந்தால் எதை விட்டிட்டு வரக் கஷ்டமாயிருக்கும் எண்டு."

"என்ன சொன்னனீ?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் போடவில்லை.

"அப்பா, அம்மாட்டையும் மாமாட்டையும் நான் கேக்கப் போறதில்லை. அவை என்ன சொல்லுவினமெண்டு தெரியும். உங்களட்டைத்தான் கேக்கிறன். ஓம் எண்டு சொல்லட்டோ?"

கிழவன் சாண்ட்விச்சை முடித்து விரலை ஒவ்வொன்றாக நக்கினான்.

"நல்ல பெடியன் பிள்ளை. எனக்கு முழுச் சந்தோசம்" என்றேன். குரல்கூட நன்றாகத்தான் வந்தது.

மாட்டன் எண்டு சொல்லு பிள்ளை, வா, வீட்டை போவம். இதைச் சொல்லவில்லை.