நேப்பிள்ஸில் இறங்கினேன்

12ஆம் திகதி, ஞாயிறு

இன்று உக்குவளையில் கொழுந்தன் வீட்டில், நான் மத்தியதரைக் கடலில் கப்பலில் போய்வந்த கதையைக் கேட்டார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸில் கரையிறங்கி, எரிமலை புதைத்த பழைய ஊரைச் சுற்றிப் பார்த்ததைச் சொன்னேன். கொழுந்தன் குறுக்கிட்டார்.

"அண்ணன் கண்ண மூடி ஒரு வருசம்கூட ஆகல. ஊர் சுத்துனத இப்படிப் பெருமையா பேசுறீங்களே, அண்ணி?"

எல்லோரும் தலைகுனிந்தார்கள். நான் குனியவில்லை.

"ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டது உங்க அண்ணன்தான், தம்பி. ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சு, நீயாவது போயிட்டு வான்னாரு. போனேன். இன்னொரு தடவையும் போவேன்."

கொழுந்தனின் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்புறம் எங்க இறங்கினீங்க, பெரியம்மா?"

சான்டோரினி தீவில், கழுதைச் சவாரி வேண்டாமென்று குன்றின் படிகளையெல்லாம் நடந்தே ஏறியதைச் சொன்னேன். அழுதுகொண்டே ஏறியதைச் சொல்லவில்லை. அது எனக்கும் என் கணவருக்கும் மட்டும்.