ஆல்ட்கேட்டில் கதவு திறந்துவிட்டவள்

அன்பு மாறாத ராஜன் அண்ணை,

நீங்கள் போய் ஐந்து மாதம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை நடையை நேற்று முதன்முதலாக நான் நடத்தினேன். களைத்துப்போனேன், அண்ணை. கால் களைப்பு ஒரு குளிசை போட்டதும் போய்விட்டது. மனக் களைப்பு இன்னும் இருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து படிக்க வந்து, கணக்காளராக வேலைபார்த்து ஓய்வுபெற்ற உங்களுக்கு, லண்டனின் பழைய நகர மதிலில் அப்படி என்ன பைத்தியம்? ஈஸ்ட் ஹாமில் எங்கள் வயதுபோன சனத்தை ரயிலேற்றி, டவர் ஹில்லில் இறக்கி, மதில் போன வழியே பார்பிக்கன் வரை தமிழில் கதை சொல்லி நடப்பீர்கள். நான் தண்ணீர்ப் போத்தல் பையோடு பின்னால் வந்தவன். கடைசி நாட்களில், "நடை நிக்கக் கூடாது லா, நீ கூட்டிட்டுப் போ" என்றீர்கள். தலையாட்டிவிட்டேன். வேறு என்ன செய்ய?

நேற்று ஆறு பேர் வந்தார்கள். டவர் ஹில்லில், மதிலின் அடிப்பகுதி ரோமர் கட்டியது, மேல்பகுதி பல நூறு வருடம் கழித்து வந்தவர்கள் கட்டியது என்பதுவரை ஒழுங்காகச் சொன்னேன். பிறகு ஆல்ட்கேட்டுக்கு வந்தோம்.

அங்கே மதிலில் இருந்த நகர வாசல் இப்போது இல்லை. பெயர் மட்டும் மிச்சம். அந்த இடத்தில் நீங்கள் எப்போதும் ஒரு கதை சொல்வீர்கள்: பொழுதுபட்டு வாசலைப் பூட்டியபின், வெளியே நின்று கெஞ்சியவர்களுக்குக் காவல்காரனின் மனைவி சின்னக் கதவைத் திறந்துவிட்ட கதை. போன கிழமை முழுக்க உங்கள் கொப்பிகளையும் நூலகப் புத்தகங்களையும் புரட்டினேன். அவள் எதிலுமே இல்லை, அண்ணை. ஏன் அப்படி ஒருத்தியை உண்டாக்கினீர்கள்?

உங்கள் நடை ஒன்றையும் தவறவிடாத பூரணம் அக்கா, செவன் கிங்ஸில் இருக்கும் தன் தங்கையையும் கூட்டி வந்திருந்தார். "தம்பி, அந்தக் கதவு திறந்தவளின்ர கதையைச் சொல்லுங்கோ. இவள் கேக்கோணும்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அக்கா, அது ராஜன் அண்ணை தானே கட்டின கதை போல கிடக்கு. நான் தேடிப் பாத்தன், ஒண்டிலயும் இல்லை."

உங்களைக் காட்டிக்கொடுத்தது போல் இருந்தது. பஸ்கள் இரைந்துகொண்டு போயின. அக்கா சிரித்தார்.

"ஓம், எனக்குத் தெரியும். அவர் ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒவ்வொரு பேரெல்லோ சொன்னவர்."

"பிறகேன் நீங்கள் அந்தக் கதையைக் கேக்கேக்க எல்லாம் அழுதனீங்கள்?"

"நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நேரம், சோதனைச் சாவடி பூட்டியாச்சு எண்டு பிள்ளையளோட எங்களைத் திருப்பி விட்டவங்கள். கும்பிட்டுக் கேட்டும் விடேல்லை. எங்கையாவது ஒருத்தி திறந்துவிட்டவள் எண்டு ஆரும் சொன்னால், அதுவே எனக்குக் காணும்."

தங்கைக்காரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று அவரும் கூட நின்றவராம்.

அக்காவுக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியுமா? அவருக்காகத்தான் அந்தக் கதையே பிறந்ததா? இனி யாரிடம் கேட்பேன்?

கதையைச் சொன்னேன். உங்களைப் போல வரவில்லை, நடுவில் இரண்டு இடத்தில் தடக்கினேன். பார்பிக்கன் வரை போகவும் முடியவில்லை; மூர்கேட்டிலேயே எல்லோரும் ரயிலேறிவிட்டோம்.

இத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அக்காவின் தங்கை போன் எடுத்து, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்று கேட்டார். பத்து மணி என்று சொல்லிவிட்டேன். நடப்பேன், அண்ணை. மெதுவாக, கால் விடுகிற தூரம்வரை.

உங்கள் கூடப்பிறவாத தம்பி,
குகன்