அம்மாபேட்டை வெள்ளிப் பாத்திரம்

வெண்ணந்தூர்,
1937 ஆவணி

அன்பு மகன் ஈசாக்குக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி தெபோராளும் சுகமாயிருக்கிறோம், கடல் தாண்டி இரங்கூனில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு வைத்ததும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்கு இருமல் தணிந்து மறுபடி தறியில் உட்காருகிறார். மழைதான் இல்லை. அரிசி மில்லில் தூசு அதிகம் என்று எழுதியிருந்தாய், மூக்கில் துணி கட்டிக்கொள் சாமி, யாரும் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, அதனால்தான் ஆறப்போட்டு எழுதுகிறேன். அப்பா உனக்குப் பாதிதான் எழுதியிருக்கிறார், முழுசும் கேள். நம் ஜெபவீட்டில் இராப்போஜனத்தின்போது ஒரே பாத்திரத்துத் திராட்சரசத்தை நெசவுக்காரர் நாம் முன்னால் குடிப்பதும், காடுகழனிக் கூலி வேலைக்குப் போகும் ஆராயி வீட்டார் பின்னால் பாயில் உட்கார்ந்து கடைசியில் குடிப்பதும் நீ பார்த்து வளர்ந்ததுதான். இப்போது அவர்கள் தெருவில் இன்னும் நாலைந்து குடும்பம் ஞானஸ்நானம் பெற்றுவிட்டது. தங்கச்சியைத் தம் மகனுக்குக் கேட்டிருக்கும் அம்மாபேட்டை தீமோத்தேயு நிச்சயம் பேச வந்த ஞாயிறு, நம் சபைக்கென்று ஒரு வெள்ளிப் பாத்திரம் கொண்டுவந்தார். எல்லாருக்கும் வாயெல்லாம் பல். போதகர் கையில் அதைக் கொடுத்து, இது அந்தச் சனங்களுக்குன்னு தனியா இருக்கட்டுங்க, அவங்களும் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லீங்க, நம்மளுக்கும் சங்கடம் இல்லீங்க என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பெரிய தருமம் செய்கிற முகத்தோடு சொன்னார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆண்டவருடைய பந்தியிலேயே இரண்டு பாத்திரம் வைத்துவிட்டு அப்புறம் என்ன ஆராதனை. எழுந்து போய்ப் பின்னால் ஆராயி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சந்தோஷப்பட்டாள் என்று நினைக்காதே, பயந்து போனாள். ஏனுங்கம்மா இங்க வந்து உக்காந்தீங்க, எந்திரிங்க, எனக்கு வம்பு வந்துருமுங்க என்று என் முந்தானையைத் தொடாமல் தரையைத் தட்டினாள். அங்கேதான் எனக்கு நெஞ்சு அறுந்தது. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் ஜெபித்து, பக்கத்தில் உட்கார்ந்தால் பயப்படும்படியாகத்தான் வைத்திருக்கிறோம். போதகர் புதுப் பாத்திரத்தை மேசையில் விட்டுவிட்டுப் பழையதையே எடுத்து வந்தார். ஆராயி குடித்தாள். அவளுக்குப் பின் நான் குடித்தேன்.

தீமோத்தேயு நம் வீட்டில் ஒரு வாய் சோறு உண்ணாமல் போய்விட்டார். பிறகு ஆள் சொல்லி அனுப்பினார், சபை அந்தப் பாத்திரத்தை ஏற்க வேண்டும், சம்பந்தியம்மா பழையபடி முன்னால் வந்து உட்கார வேண்டும், அப்போதுதான் கலியாணமாம். நீயும் அதையே எழுதுகிறாய், இப்போதைக்கு வாங்கி வையுங்கள், கலியாணம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. கலியாணம் முடிந்தால் தங்கச்சி மாமியார் வீட்டில் நல்லபடி இருக்கட்டும் என்போம், அப்புறம் பிள்ளைப்பேறு ஆகட்டும் என்போம், அப்புறம் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் வரும். அந்தப் பிறகு என்றைக்கும் வராது கண்ணு.

தங்கச்சி அழுதாள், அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. என்னோடு பேசாமலே வளைய வந்தாள். மறு ஞாயிறு நான் கூப்பிடாமலே பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து, அவன் உனக்கு வேண்டாமா என்று கேட்டேன். வேணும், அவருந்தான் வந்து இங்க உக்காரட்டுமே என்றாள். நேற்று அப்பா போதகரிடமிருந்து பாத்திரத்தை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். தீமோத்தேயு உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லையாம். பையன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம். சம்பந்தம் போனது போலத்தான். எனக்கு வலிக்கவில்லை என்று நினைக்காதே, பெற்ற வயிறு எரியத்தான் செய்கிறது. எரிந்தாலும் நான் முன்னால் போகப் போவதில்லை.

அப்பா மட்டும் இன்னும் நடுவிலே, சுவரோரம் சாய்ந்து உட்காருகிறார். முதுகு வலி என்கிறார். மனுசர் மெல்ல நகர்ந்து வருவார்.

கர்த்தர் உன்னைக் காத்து, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. குளிரில் வெளியே படுக்காதே. கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வா. அன்றைக்கு இராப்போஜனம் உண்டு. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, இரங்கூன் சம்பாத்தியம், முன் வரிசையில் உனக்கு இடம் விட்டு வைப்பார்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். நானும் தங்கச்சியும் பின்னால் பாயில் இருப்போம். எங்கே உட்காருவாய் என்று எனக்குப் பதில் எழுத வேண்டாம். வந்து உட்கார், நான் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ரெபெக்காள்