அப்பாவின் ஷூவும் ஆஷீலின் காலும்

ஃபிளாண்டர்ஸ்
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்பு மகள் லீனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் கோழிகளும் எப்போதும் போல நலம், உன் அப்பா இப்போதுதான் நலம், அந்த "இப்போதுதான்" பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வான்கூவரில் இன்னும் குளிர் விடவில்லை என்றாயே, பிள்ளைகளுக்குக் காதை மூடி அனுப்பு.

அப்பாவின் கால்கள் உனக்குத் தெரியாததா, முன்னால் வாத்துக்கால் போல அகலம், குதிகால் ஒடுக்கம், அது போதாதென்று ஷூ அளவு இடது காலுக்கு நாற்பத்தாறு, வலது காலுக்கு நாற்பத்து மூன்று. இத்தனை வருஷமும் பெரிய அளவில் சைக்கிள் ஷூ வாங்கி, வலது பக்கம் என் கம்பளிக் காலுறையைத் திணித்து ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை பெரியது கிடைக்கவில்லை என்று சின்னதையே வாங்கி வந்து "போடப் போடத் தளரும்" என்றார். ஷூ தளரவில்லை, கால்தான் மரத்துப்போனது. கல் பாவிய மேட்டிலிருந்து இறங்கும்போது கால் பெடலில் இருக்கிறதா என்றே தெரியாமல் நேராக லீக் வெங்காயத் தோட்டத்துக்குள் போய் விழுந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து என் ரொட்டிக் கத்தியால் ஷூவின் முன்பக்கத்தை அறுத்துவிட்டு, விரல்களெல்லாம் காற்று வாங்க மறுநாளும் கிளம்பிவிட்டார். கறுத்துப்போன நகத்தைப் பார்த்த டாக்டர், "பொருந்துற ஷூ கிடைச்சா ஓட்டுங்க, இல்லேன்னா சைக்கிளை வித்துடுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மனிதர் சமையலறையை விட்டு நகரவில்லை. நான் உருளைக்கிழங்குத் தோல் சீவினால் தடிமனாகச் சீவுகிறேன் என்றார், அப்புறம் அதுவும் சொல்லாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதுதான் பயமாகப் போய்விட்டது லீன்.

கெண்ட் நகரத்து ஷூ கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்கார மார்லீன் இரண்டு காலையும் அளந்து பார்த்துவிட்டு, அகலக் காலுக்கென்றே ஒரு ரகம் இருக்கிறது என்றாள், ஆனால் ஜோடியாகத்தான் தருவார்களாம். இரண்டு ஜோடி வாங்கிவிடலாம் என்றேன். போடாத ஷூ இரண்டு வீட்டில் சும்மா கிடந்தால் தனக்குத் தூக்கம் வராது என்றார் உன் அப்பா. அப்போது மார்லீன், "ஐயா, உங்க ஊர்ப் பக்கத்துலயே ஒருத்தர் இருக்கார், இதே அகலம், ஆனா வலதுதான் பெருசு, அப்படியே கண்ணாடியில பாத்த மாதிரி உங்க கால். அவரும் இதே பதில்தான் சொல்லிட்டுப் போனார்" என்றாள். யார் என்று கேட்டால், ஆஷீல்! வாலிபத்தில் ஊர்ப் பந்தயத்தின் கடைசி வளைவில் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு முதல் பரிசுப் பன்றித்தொடையைத் தூக்கிக்கொண்டு போனவர். "அந்தத் திருட்டுப்பயலோட ஜோடியைப் பிரிச்சுப் பங்கு போட்டுக்கணுமா? நான் வெறுங்காலோட சாகறேன்" என்று கடையே அதிரக் கத்தினார்.

நானே ஆஷீலுக்குப் போன் போட்டேன். அவரும் நகம் கறுத்து வீட்டோடுதான் கிடந்தார். கடைக்கு வந்தார், இரண்டு பேரும் முகம் பார்க்காமல் மார்லீனிடம் மட்டும் பேசினார்கள். அப்பாவுக்கு வெள்ளை வேண்டும், அவருக்குக் கறுப்பு வேண்டும், ஒருவரும் இறங்கி வரவில்லை. கடைசியில் அப்பா பெரிய ஜோடியை வெள்ளையில் வாங்கினார், ஆஷீல் சின்ன ஜோடியைக் கறுப்பில் வாங்கினார், பிரித்து மாட்டிக்கொண்டு பார்த்தால் இரண்டு பேருக்குமே ஒரு கால் வெள்ளை, ஒரு கால் கறுப்பு. மார்லீன் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

மறுநாளே இரண்டு பேரும், தனித்தனியாகத்தான், மேடேறக் கிளம்பினார்கள். பாதி வழியில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் போட்டி வந்துவிட்டது. உச்சியில் சர்ச் வாசலில் மூச்சிரைக்க ஒன்றாக வந்து நின்றார்கள், ஆனால் புது ஷூவைப் பெடலில் பிடிக்கும் கொக்கி விடவில்லை. சாய ஆரம்பித்தவர்கள் வேறு வழியில்லாமல் ஒருவர் தோளை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஞானஸ்நானம் முடிந்து ஊரே வெளியே வந்தது. பகை தீர்ந்தது என்று எல்லோரும் கைதட்டினார்கள், பாதிரியார் கண்ணைத் துடைத்தார். "விடுடா" என்றாராம் ஆஷீல் பல்லைக் கடித்துக்கொண்டு. "விட்டா ரெண்டு பேரும் விழுவோம், பேசாம சிரிடா" என்றாராம் அப்பா. சிப்ஸ் கடைக்காரி வந்து காலைப் பிடுங்கிவிடும்வரை அப்படியே சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

போன வாரம் ஆஷீலுக்கு நெஞ்சுச் சளி. தனிக்கட்டை, பார்க்க ஆள் இல்லை. அப்பா என்னைச் சூப் வைக்கச் சொல்லித் தானே தூக்கிக்கொண்டு போனார், அவருடைய சுருட்டையும் பிடுங்கி வந்துவிட்டார். நல்ல மனசு என்று சொல்லிவிட்டேன், உடனே கோபம். "மனசாவது மண்ணாவது, அவன் போயிட்டா அடுத்த ஜோடிக்கு நான் யாரைத் தேடுவேன்?" என்கிறார். இன்று காலையும் ஷூவைப் பற்றிப் பேசவேண்டும் என்று அங்கேதான் கிளம்பினார். ஆஷீலுடையதும் சேர்த்து ஷூ நான்கும் நம் வீட்டு அடுப்படியில் காய்கிறது, போனவர் செருப்போடு போயிருக்கிறார், கையில் சீட்டுக்கட்டு.

போன் பேசும்போது அவரிடம் ஷூ எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், வேறொன்றும் கேட்டுவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் சிரித்த முகமாக இருக்க வேண்டும். உன் பல்வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா இல்லையா, உடனே எழுது.

உன் அம்மா
மரியெட்